சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளை: திருத்தணுமா, விடணுமா?

வெள்ளிச்சந்தை அம்மா:
எனக்க மவனுக்கு அஞ்சு வயசு முடியப்போவுது. திருவனந்தபுரத்துல காட்டினதுல ஆட்டிசம்னு எழுதித் தந்தாவ. பேச்சு இருக்கு, ஆனா எல்லாம் கேட்ட பேச்சு. பசிச்சா எங்கேயோ பாத்துக்கிட்டு "பிள்ளைக்கு ஏத்தம்பழம் வேணுமா?"ன்னு கேப்பான். தெனமும் நான் கேக்குறதுதான், எனக்க குரல் ஏத்த இறக்கத்தோட அப்படியே வரும். ஒரு இடம் பிடிக்கலன்னா, கல்யாண வீடா இருந்தாலும் சரி, "வடசேரி வடசேரி, ஏறுங்க ஏறுங்க"ன்னு கண்டக்டர் மாதிரி சத்தம் போடுவான். பயந்தா கார்ட்டூன்ல வர்ற மாதிரி "ஆபத்து! உடனே தப்பி ஓடுங்கள்!"

போற சென்டர்ல, "எனக்கு ஏத்தம்பழம் வேணும்"னு சரியாச் சொல்லுறது வரைக்கும் பழத்தைக் கையில குடுக்காதீங்கன்னு சொல்லுதாவ. பழத்தைக் கண்ணுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அவன் அழுதழுது நான் கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிச் சொல்லுவான். இன்னொரு தெரபிஸ்ட், அவன் பேசத்தான் செய்யுதான், தடுக்காதீங்கன்னு சொல்லுதாவ. ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ். யார் சொல்லுறதைக் கேக்க?

இரணியல் வாத்தியார்:
அம்மா, சென்டரில் சொல்வதைக் கேளுங்கள். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒண்ணாங்கிளாஸில் எழுந்து நின்று "வடசேரி ஏறுங்க" என்றால் பிள்ளைகள் சிரிக்கும், டீச்சர் குறும்பு என்று நினைத்து வெளியே நிறுத்துவார். வீட்டில் உங்களுக்குப் புரிகிறது, சரி. ஊருக்குப் புரிய வேண்டாமா? கிளிப்பிள்ளைப் பேச்சை இப்போது விட்டால் அதுவே நிலைத்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது.

மார்த்தாண்டம் ஸ்பீச்:
நான் பேச்சுப் பயிற்சித் தொழிலில் இருப்பவள். வாத்தியார் சாரோடு மரியாதையோடு மாறுபடுகிறேன்.

லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்பதைத் தனி நிலையாக உலகம் பேசத் தொடங்கியதே அந்தக் கட்டுரையிலிருந்துதான். அதில் ஒரு பையன் "நாயை பால்கனியிலிருந்து எறியாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்தில் நாயும் கிடையாது, பால்கனியும் கிடையாது. இங்கிலாந்தில் இருந்தபோது ஒரு பொம்மை நாயைப் பற்றி அம்மா அவனிடம் சொன்ன வார்த்தை அது. அம்மாவைக் கேட்டதால்தான் கேனருக்கே விளங்கியது. உங்கள் மகனின் "வடசேரி" அதே வகை. இங்கிருந்து போகணும் என்கிறான், பஸ்தான் போகும், கண்டக்டர் சொல்வதைச் சொல்கிறான். இதற்கு மேல் என்ன தெளிவு வேண்டும்?

1981இல் பாரி பிரிஸாண்ட், ஜூடித் டூக்கன் இரண்டு பேரும் இப்படிக் கேட்ட உடனேயே திருப்பிச் சொல்லும் பேச்சை வீடியோ எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏழு விதமான வேலைகளை அது செய்கிறது என்றார்கள். கேட்பதற்கு ஒன்று, ஆமாம் என்று ஒத்துக்கொள்வதற்கு ஒன்று, பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்வதற்கு ஒன்று, தன்னைத்தானே அடக்கிக்கொள்வதற்கு ஒன்று, இப்படி. யாரிடமும் எதுவும் சொல்ல நினைக்காமல் வரும் திருப்பிச் சொல்லலும் அந்த ஏழில் உண்டு. எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடி அலையவும் வேண்டாம்.

ஏத்தம்பழத்துக்கு வருகிறேன். "வேணுமா?" என்று கேட்டால் நம் ஊரில் யார் "ஆம்" என்கிறார்கள்? "வேணும்" என்போம். "சாப்டியா?" "சாப்ட்டேன்." கேள்வியிலிருக்கும் வினையைத்தான் நாமும் திருப்பித் தருகிறோம். அவனும் அதைத்தான் செய்கிறான், கடைசி 'ஆ' உதிரவில்லை, அவ்வளவுதான். அப்புறம், வீட்டில் நாம் பிள்ளையோடு பேசுவது எப்படி? "பிள்ளைக்கு வேணுமா", "அம்மை தரட்டுமா". 'எனக்கு' என்று அவனுக்காக யாரும் சொல்லிக் காட்டாமல் அவன் எங்கே கேட்டிருப்பான்?

அதனால் பழத்தைப் பிடித்து வைக்காதீர்கள். அவன் கேட்டவுடன், அவன் சொல்ல வேண்டிய மாதிரியே நீங்கள் "ஏத்தம்பழம் வேணும்" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்காதீர்கள், "சொல்லு, சொல்லு" வேண்டாம். பிடித்து வைத்தால், அந்த நீள வாக்கியத்தையும் மொத்தமாக மனப்பாடம் செய்து, தண்ணீர் வேண்டும்போதும் "எனக்கு ஏத்தம்பழம் வேணும்" என்பான். அப்படிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

காட்டாத்துறை ஜே:
அக்கா சொன்னதுல பாதிக்கு என் ஓட்டு. மீதிக்கு ஒரு கேள்வி. அந்த 1981 ஆய்வுல எத்தனை பிள்ளைங்க? நாலு பேர்! திருப்பிச் சொல்றதுல அர்த்தம் இருக்குன்னு காட்ட அது போதும். எப்படிச் சொல்லிக்கொடுத்தா பேச்சு வளரும்னு அது சொல்லல.

இப்ப இன்ஸ்டாகிராம் திறந்தா கெஸ்டால்ட், கெஸ்டால்ட். இந்தப் பிள்ளைங்க வாக்கியத்தை மொத்தமா எடுத்து அப்புறம் உடைக்கும், அதனால கேள்வி கேக்காதே, ஒத்தைச் சொல் சொல்லிக்கொடுக்காதே, படிப்படியா இப்படிப் போன்னு 2012ல வந்த ஒரு புத்தகத்தை வச்சு கோர்ஸ் விக்கிறாங்க. இந்த முறையில போன பிள்ளைங்களையும் போகாத பிள்ளைங்களையும் ஒப்பிட்டு ஒழுங்கா சோதிச்ச ஆய்வு எங்கே? நானும் ஆட்டிசப் பிள்ளையோட அப்பன்தான். வாத்தியார் பக்கம் போகல, ஆனா இந்தப் பக்கமும் கண்ணை மூடிக்கிட்டு வரமாட்டேன்.

மார்த்தாண்டம் ஸ்பீச்:
ஜே, அந்த பேக்கேஜை நான் விற்கவில்லை. ஒத்தைச் சொல்லும் சொல்லிக்கொடுப்பேன், கேள்வியும் கேட்பேன். பிள்ளை கேட்டதைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் என் சண்டை.

இரணியல் வாத்தியார்:
ஆய்வு என்றால் என்னிடமும் உண்டு. 1987இல் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து, 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் தேறினார்கள் என்று வெளியிட்டார். கண்டிப்பான, திரும்பத் திரும்பச் செய்கிற பயிற்சியால் வந்த பலன். கொஞ்சி விளையாடி வந்ததல்ல.

காட்டாத்துறை ஜே:
சார், அதே கட்டுரையில தொடையில அடிக்கிறதும் பயிற்சியில ஒரு பகுதின்னு இருக்கு. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில பிரிக்கவும் இல்ல. அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுகள்ல அதே அளவு பலன் வரல. வாரம் 40 மணி நேரத்துக்கு நம்ம மாவட்டத்துல யார் இருக்கா, யார்கிட்ட காசு இருக்கு? தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய் முக்கா மணி நேர செஷன் முடிச்சுட்டு பஸ்ல திரும்பி வந்தா ஒரு நாள் போச்சு.

அப்புறம் அந்த ஐந்தில் வளையாதது. 2013ல பீடியாட்ரிக்ஸ் பத்திரிகையில வந்தது: நாலு வயசு வரைக்கும் சொற்றொடர் பேசாத 535 பிள்ளைகளை எட்டு வயசுக்கு மேல பாத்தாங்க. 70 சதவீதம் சொற்றொடர் அளவுக்கு வந்துட்டாங்க, 47 சதவீதம் சரளமா பேசினாங்க. அஞ்சு வயசோட கதவு அடைபடும்னு அம்மாமாரைப் பயமுறுத்தாதீங்க. மீதி 30 சதவீதத்தையும் மறந்துடாதீங்க. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழின்னு இங்க இன்னும் யாரும் பேசல.

தூத்தூர்க்காரி:
நான் பேசுதேன். எனக்க மவளுக்கு எட்டு வயசு. வாயில பேச்சு இல்ல. அவளுக்க அப்பன் ஆழ்கடலுக்குப் போனா வர மாசமாவும், எல்லாம் நான்தான். படம் போட்ட அட்டை வச்சு ஆரம்பிச்சோம். படத்தை எடுத்து நம்ம கையில தந்தா சாதனம் கிடைக்கும், அமெரிக்காவுல 1985ல தொடங்கின முறைன்னு தெரபிஸ்ட் சொன்னாவ. பிறகு டேப்லெட்டுல ஆவாஸ். சென்னையில செஞ்ச ஆப், தமிழ்ல பேசும்.

அட்டையில என்ன படம் இருக்குன்னு பாத்தியளா? வாங்கின செட்டுல சாண்ட்விச், ஸ்டிராபெரி, பனிமனுஷன். எங்க வீட்டுல யாரு சாண்ட்விச் திங்கா? மரச்சீனிக் கிழங்கு, சாளைக் குழம்பு, கட்டஞ்சாயா, அம்மச்சி வீடு, கோயில் மணி, கடல்ல குளிக்கணும், எல்லாத்தையும் போன்ல படம் பிடிச்சு பிரிண்ட் எடுத்து லேமினேட் போட்டேன். உப்புக் காத்துல ஓரம் பிரிஞ்சு போவும், மறுபடி போடுவேன். "வேண்டாம்"க்கு ஒரு அட்டை முதல்லயே வேணும். எல்லாரும் "வேணும்" மட்டும் சொல்லிக்குடுப்பாவ. வேண்டாம்னு சொல்ல வழியில்லன்னா பிள்ள கடிக்கத்தானே செய்யும்?

இப்ப ஊர்ல சொல்லுறது, டேப்லெட்டைக் குடுத்தா வாய் சோம்பேறி ஆயிரும்னு. சொந்தக்காரங்க மட்டுமில்ல, படிச்சவியளும் சொல்லுதாவ.

இரணியல் வாத்தியார்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். விரலால் தொட்டால் பழம் வரும் என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

மார்த்தாண்டம் ஸ்பீச்:
2006இல் மில்லர், லைட், ஸ்க்லாசர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். உறுதியான சான்று உள்ள 27 பேரில் படம், சைகை, கருவி கொடுத்ததால் பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது. பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடியது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஜே வந்துவிடுவார். ஆட்டிசப் பிள்ளைகளை மட்டும் வைத்துப் பிறகு வந்த தொகுப்பும் குறைந்ததாகக் காட்டவில்லை. வாயால் பேச முடிகிற பிள்ளைக்கு வாய்தான் சுலபம். பேச முடிந்தால் எந்தப் பிள்ளையும் டேப்லெட்டைத் தேடி எடுத்து, திறந்து, நாலு பக்கம் தள்ளி, படத்தைத் தொட்டுக்கொண்டிருக்காது.

ஒரு எச்சரிக்கை, இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். பெரியவர் பிள்ளையின் கையையோ மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தொட வைத்து, "பிள்ளை கவிதை எழுதுகிறது" என்று காட்டும் வீடியோக்கள் வருகின்றன. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் எழுதியது பிடித்திருப்பவர்தான். அமெரிக்கப் பேச்சு-செவித்திறன் சங்கம் 2018இல் இது வேண்டாம் என்று அறிக்கையே விட்டது. படமும் ஆவாஸும் பிள்ளை தானாகத் தொடுவது. அது வேறு, இது வேறு.

தோவாளைத் தாத்தா:
இவ்வளவு படிப்பு எதுக்கு. எங்க சித்தப்பா ஆறு வயசுலதான் பேசினார், அப்புறம் பஞ்சாயத்துல பேச்சை நிறுத்த முடியல. வசம்பைச் சுட்டு தேன்ல உரசி நாக்குல தடவுங்க. நாக்கு புரளும்.

காட்டாத்துறை ஜே:
தாத்தா, சித்தப்பாவுக்கு என் வணக்கம். வசம்பு வேண்டாம். அதுல இருக்குற அசரோன்னு ஒரு பொருளுக்காக அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. பேசாத பிள்ளைக்கு முதல்ல செய்ய வேண்டியது காது டெஸ்ட். கூப்பிட்டா திரும்பலன்னு ஆட்டிசம்னு நினைச்சு, கடைசியில காது கேக்காத பிள்ளைன்னு தெரிஞ்ச கதையும் உண்டு, அதுக்கு நேர் எதிரான கதையும் உண்டு. பெரா, ஓஏஇன்னு காது கேக்குதான்னு பாக்குற ரெண்டு டெஸ்ட் இருக்கு, ரெண்டும் கேளுங்க. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல குழந்தைகள் பிரிவுல போய், மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு அரசுத் திட்டத்துல இருக்குற ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கேன்னு விசாரிங்க.

குழித்துறை சேச்சி:
ஒரு சந்தேகம் கேக்கட்டா. எங்க வீட்டுல அம்மை மலையாளம், பிள்ளையோட அப்பா தமிழ், ஸ்கூல் இங்கிலீஷ். டாக்டர் ஒருத்தர் ஒரே பாஷையில பேசுங்கன்னு சொன்னார். இப்ப அம்மச்சி பேத்தியோட பேசுறதையே நிறுத்திட்டாங்க, மலையாளம் தவிர அவங்களுக்கு வராது. பிள்ளையோ, நாங்க யாரும் பேசாத இங்கிலீஷ்ல பேசுறா! "லெட்ஸ் கவுண்ட் த டக்ஸ்". யூடியூப் ரைம்ஸ்.

மார்த்தாண்டம் ஸ்பீச்:
சேச்சி, அம்மச்சியைப் பேசச் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளையும் ஒரு மொழிப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. இரண்டு மொழியால் பேச்சு பின்தங்கியதாக அவற்றில் தெரியவில்லை. கேரள எல்லையோரக் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு மொழியைப் பிடுங்கினால் பாதி சொந்தக்காரர்களைப் பிடுங்கின மாதிரி.

அந்த இங்கிலீஷ் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜப்பானில் அவோமோரிப் பக்கம் சுகாரு என்றொரு வட்டார வழக்கு உண்டு, நம் நாஞ்சில் பேச்சைப் போலக் கெட்டியானது. ஆட்டிசப் பிள்ளைகள் அதைப் பேசுவதில்லை, டிவியில் வரும் பொதுமொழியே பேசுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு உளவியல் பேராசிரியர் ஆராய்ந்து 2017இல் புத்தகமாகவே போட்டார். துனிசியாவிலும் வீட்டில் யாரும் பேசாத ஏட்டு அரபியைக் கார்ட்டூனிலிருந்து எடுத்துப் பேசும் ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி 2019இல் கட்டுரை வந்தது. வெள்ளிச்சந்தை அம்மாவின் மகன் "தப்பி ஓடுங்கள்" என்று செந்தமிழ் பேசுவதும் அந்த வரிசைதான்.

ஏன் என்று முழு விடை இல்லை. என் யோசனை இது: வீட்டுப் பேச்சைக் கற்க ஆளின் முகம், பார்வை, நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கணும். "போவியா?" என்பது கேள்வியா, அதட்டலா, கேலியா என்பது சொல்பவர் முகத்தில் இருக்கிறது. கார்ட்டூன் ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி பேசும்.

இரணியல் வாத்தியார்:
ஆக எல்லாவற்றுக்கும் காரணம் போன். பிடுங்கி வைத்தால் தீர்ந்தது.

காட்டாத்துறை ஜே:
கேனர் பாத்த 11 பிள்ளைங்க எந்தப் போன் பாத்தாங்க சார்? ரொம்ப நேரம் திரை பாத்தா எந்தப் பிள்ளைக்கும் பேச்சு மந்தமாகலாம், கம்மி பண்ணுங்க, சரி. போனை எடுத்தா ஆட்டிசம் போயிரும்னு சொல்லாதீங்க. பிள்ளைக்கு இருக்குற ஒரே பேச்சு அதுல இருந்து வந்ததுன்னா, பிடுங்குறதுக்கு முன்னால அந்த வசனத்தை நீங்க கத்துக்கங்க.

பத்மநாபபுரத்துக்காரன்:
வழக்கமா எழுத மாட்டேன். எனக்கு ஆட்டிசம். பெரியவனான பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

என்னிடம் கேள்வி கேட்டால் பதில் வர நேரம் ஆகும். அதற்குள் கேட்டவர் வேறு வார்த்தையில் மறுபடி கேட்பார். எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதலாவதை விட்டுவிட்டு இதை ஆரம்பத்திலிருந்து பார்க்கணும். மூன்றாவதாக "என்ன, காது கேக்கலியா?" என்பார். அது மூன்றாவது கேள்வி. கடைசியில் நான் "ம்" என்பேன். எந்தக் கேள்விக்கு என்று எனக்கே தெரியாது. "சும்மா இருக்கியா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் என்று இன்னும் தெரியவில்லை.

டேமியன் மில்டன் என்று ஒருவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, எங்களுக்கு உங்களைப் புரியாதது போலவே உங்களுக்கும் எங்களைப் புரிவதில்லை என்று. இந்த இழையில் திருத்த வேண்டியவன் அந்தப் பையன் மட்டும் என்று பேசுகிறீர்கள்.

இரணியல் வாத்தியார்:
தம்பி, தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் இவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள். தூத்தூர் அம்மாவின் மகளைப் போல வாயே திறக்காத பிள்ளையும் நீங்களும் ஒன்றா? உங்களை வைத்து அந்தப் பிள்ளைக்கு முடிவெடுக்க முடியுமா?

பத்மநாபபுரத்துக்காரன்:
முடியாது. அவளை வைத்துத்தான் முடிவெடுக்கணும். அவள் அட்டையில் "வேண்டாம்" காட்டினால் அது வேண்டாம்.

தூத்தூர்க்காரி:
அது சரிதான் மக்ளே. ஆனா மருந்துக்கு "வேண்டாம்" காட்டினாலும் நான் குடுப்பேன் கேட்டியா.

பத்மநாபபுரத்துக்காரன்:
மருந்துக்குக் கொடுங்க. அட்டையைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்காதீங்க.

வெள்ளிச்சந்தை அம்மா:
எல்லாம் வாசிச்சேன். பழத்தைப் பிடிச்சு வைக்கிறதை நிறுத்தியாச்சு. நான் "ஏத்தம்பழம் வேணும்"னு சொல்லிக் குடுக்குதேன், அவன் இன்னும் "வேணுமா"தான், பாப்போம். சென்டர்ல இதைச் சொன்னா, வீட்டுல நீங்க கெடுத்துட்டு எங்களைக் கேக்காதீங்கன்னாவ. எனக்கு இப்ப பயம் ஸ்கூல்தான். டீச்சர்கிட்ட என்ன சொல்லணும்?

மார்த்தாண்டம் ஸ்பீச்:
ஒரே ஒரு தாள். இடது பக்கம் அவன் சொல்வது, வலது பக்கம் அவன் கேட்பது. வடசேரி என்றால் சத்தம் தாங்கவில்லை, வெளியே போகணும். ஆபத்து என்றால் பயம், பக்கத்தில் போய் நில்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை மறுபடி கேட்காதீர்கள் என்று கீழே எழுதுங்கள். டீச்சர் தாளை வாங்க மறுத்தால் ஹெச்.எம்.மிடம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பேச்சுக்குத் துணையாக மாற்று வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

இரணியல் வாத்தியார்:
சட்டத்தை முதல் நாளே எடுக்காதீர்கள், டீச்சர் முகம் மாறிவிடும். தாள் நல்ல யோசனை, ஆனால் டீச்சர் மாறுவார், லீவு போடுவார், தாள் தொலையும். அவன் நேரே சொல்லப் பழகுவதற்கு அது ஈடாகாது என்பதில் நான் மாறவில்லை. தாள் போடுவதாக இருந்தால் முதல் வரியில், மூத்திரம் வந்தால் என்ன சொல்வான் என்று எழுதுங்கள். ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு அதுதான் முதலில் தெரியணும்.

வெள்ளிச்சந்தை அம்மா:
அதுக்கு அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் சார். எனக்க கையைப் பிடிச்சு இழுப்பான், இல்லன்னா நிக்கர் நனைஞ்சிரும்.

தூத்தூர்க்காரி:
அப்ப அதுக்கு ஒரு அட்டை போடுங்க. உங்க வீட்டுக் கக்கூஸ் கதவைப் படம் பிடிக்காதீங்க, ஸ்கூல்ல உள்ள கதவைப் பிடிங்க. அட்மிஷனுக்குப் போறப்பவே எடுத்துக்கிடுங்க, ஜூன் வரைக்கும் பழக்கலாம்.